ரஷ் குழுவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ரஷ் இசைக்குழுவுக்குக் கை கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் மறுபடி மேடையேறப் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்ததிலிருந்தே இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டிருந்தது. ரஷ்ஷைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பேரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். பேஸ் கிட்டார், கீபோர்டு, குரல் மூன்றையும் பார்த்துக்கொண்ட கெடி, கிட்டாரில் அலெக்ஸ், டிரம்ஸ் வாசித்ததோடு பாடல் வரிகளும் எழுதிய நீல் பியர்ட். அது நியாயம்தான். ஆனால் 1968-இல் டொரோண்டோவில் பள்ளிப் பையன்கள் ஆரம்பித்த ஒரு ஹார்ட் ராக் குழு, 19 ஸ்டுடியோ ஆல்பங்கள் போட்டு, நாற்பது வருஷத்துக்கு மேல் தனக்குப் பிடித்ததை மட்டுமே வாசித்துத் தாக்குப்பிடித்தது என்றால், ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர் கணக்குப் பார்க்காமல் உதவியிருக்கிறார். அவர்களுக்கு ஒரு ரசிகனாக நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

டோனா ஹால்பர் அவர்களே, முதல் நன்றி உங்களுக்கு. 1974-இல் அந்தக் குழுவின் முதல் ஆல்பத்தைச் சீண்ட கனடாவில் ஒரு பெரிய கம்பெனியும் இல்லை. ஸ்டுடியோ வாடகை குறைவு என்று ராத்திரி நேரத்தில் பதிவு செய்தார்கள். மூன் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக ஒரு பெயர் வைத்து, வெறும் 3,500 பிரதிகள் அச்சடித்தார்கள். அதில் ஒன்று எல்லை தாண்டி, அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து டபிள்யூஎம்எம்எஸ் வானொலியில் இசைப் பொறுப்பாளராக இருந்த உங்கள் மேசைக்கு வந்தது. உங்களுக்கு ரஷ் யாரென்றே தெரியாது. உங்கள் மேசைக்கு வருகிற இசைத்தட்டுகளுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் எடுத்து, நீளமான பாட்டாகத் தேடி முள்ளை வைத்தீர்கள். அது ஏழு நிமிஷப் பாட்டு. காலையில் எழுந்து வேலைக்குப் போய், சாயங்காலம் வீடு திரும்பி, இதைவிட நன்றாக வாழ முடியாதா என்று யோசிக்கிற ஒரு தொழிலாளியின் பாட்டு. இரும்பாலையும் தொழிற்சாலையும் நிறைந்த உங்கள் ஊருக்கு இது பிடிக்கும் என்று உங்கள் காது சொன்னது. ஒலிபரப்பானதும் போன் மணி ஓயவில்லை. இது லெட் ஸெப்ளின் ராக் குழுவின் புதுப் பாட்டா, தட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டுத் துளைத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளிலேயே மெர்குரி என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தத்தோடு வந்தது. முதல் இரண்டு ஆல்பங்களின் அட்டையிலும் அவர்கள் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பையன்களிடம் உங்களுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. பாட்டு நன்றாக இருந்தது, போட்டீர்கள். அதன் பலனை இத்தனை வருஷம் கழித்து நானும் அனுபவிக்கிறேன்.

அந்த ஏழு நிமிஷத்தில் டிரம்ஸ் வாசித்தது நீல் பியர்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. வாசித்தது ஜான் ரட்ஸி. சர்க்கரை நோயோடு போராடிக்கொண்டே ஆரம்ப காலத்துக் கிளப்புகளிலும் பள்ளி அரங்குகளிலும் குழுவைத் தாங்கியவர். உடல்நிலையும் ஒத்துழைக்கவில்லை, இசை ரசனையும் பிரிந்தது. முதல் அமெரிக்கப் பயணம் கூடி வந்த நேரத்தில் விலகிக்கொண்டார். 2008-இல் காலமானார். ஜான், கிளீவ்லாந்தில் போன் அடிக்க வைத்தது உங்கள் கைகளும்தான். அதை நாங்கள் மறக்கவில்லை.

மேரி அம்மா, உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீங்களும் உங்கள் கணவரும் அவுஷ்விட்ஸ் உள்ளிட்ட நாஜி முகாம்களில் கிடந்து உயிரோடு மீண்டு, கனடா வந்து, பிள்ளைகளைப் பெற்று ஒரு வாழ்க்கையைக் கட்டினீர்கள். மகன் கெடிக்குப் பன்னிரண்டு வயதானபோது கணவர் போய்விட்டார். டொரோண்டோவுக்கு வடக்கே நியூமார்க்கெட்டில் இருந்த கடையைத் தனியாளாக எடுத்து நடத்தினீர்கள். அப்படிப்பட்ட வீட்டில் பையன் படிப்பை விட்டுவிட்டு, முடியை நீளமாக வளர்த்துக்கொண்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் முதல் ஆல்பம் வந்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள்? கடை முழுக்க ரஷ் போஸ்டர் ஒட்டினீர்கள். வாங்கக் காசில்லாத பிள்ளைகளுக்குத் தட்டைச் சும்மாவே கொடுத்து அனுப்பினீர்கள். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 95 வயது வரை வாழ்ந்து 2021-இல் விடைபெற்றீர்கள். உங்கள் கையால் இலவசமாக வாங்கிய தட்டை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர் யாராவது எங்கேயாவது இருப்பார். அவர் சார்பிலும் என் நன்றி.

அப்புறம் நீலின் பெற்றோரே, உங்களுக்கு. செயின்ட் கேத்தரின்ஸில் விவசாயக் கருவிகள் விற்கும் நிறுவனத்தில், அப்பாவோடு உதிரிபாகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் அவர். அந்த வேலையிலிருந்து அவரை நீங்கள் விடுவித்து அனுப்பினீர்கள். 1974 ஜூலை கடைசியில் சேர்ந்தவர், இரண்டே வாரத்தில் பிட்ஸ்பர்க் அரங்கில் பதினோராயிரம் பேருக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தார்.

மேனேஜர் ரே டேனியல்ஸ் அவர்களைப் பற்றி ரசிகர்களிடையே பல கருத்து உண்டு. என் கருத்தைச் சொல்கிறேன். 1975-இல் வந்த மூன்றாவது ஆல்பம் விற்கவில்லை. சின்னச் சின்ன இடங்களில் வாசித்துக்கொண்டு, கதை முடிந்தது என்று அவர்களே நினைத்த காலம் அது. வானொலிக்கு ஏற்ற மாதிரி சின்னப் பாட்டாகக் கொடுங்கள் என்று கம்பெனி நெருக்கியது. டேனியல்ஸ் கம்பெனிக்காரர்களிடம் போய்க் குழுவுக்காகப் பேசி, இன்னொரு ஆல்பத்துக்கு வழி பண்ணினார். அந்த வாய்ப்பை வைத்துக்கொண்டு இவர்கள் செய்ததுதான் 2112 என்ற ஆல்பம். இசை தடை செய்யப்பட்ட எதிர்கால உலகம் ஒன்றில், ஓர் இளைஞன் கையில் பழைய கிட்டார் ஒன்று கிடைக்கிறது. அந்தக் கதையைச் சொல்லும் இருபது நிமிஷப் பாட்டு தட்டின் ஒரு பக்கத்தையே எடுத்துக்கொண்டது. சொன்னதற்கு நேர் எதிராகச் செய்துவிட்டு வந்து நின்றார்கள். 1976-இல் வெளிவந்து அது விற்றது, அதற்குப் பிறகு எப்படிப் பாட்டுப் போட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அந்த ஒரு கட்டத்தில் மேனேஜர் கம்பெனி பக்கம் சாய்ந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

1975 முதல் 1982 வரை தயாரிப்பில் கூட நின்ற டெர்ரி பிரவுன், 1975-லிருந்து அட்டைப்படங்களை வடிவமைத்த ஹியூ சைம், 1974-லிருந்து பயணங்களிலும் மேடை வெளிச்சத்திலும் கூடவே இருந்த ஹவர்ட் உங்கர்லைடர், கியூபெக் மலைக்காட்டில் மோரின் ஹைட்ஸ் ஸ்டுடியோவில் இரவும் பகலும் உடன் உழைத்தவர்கள், உங்கள் எல்லாருக்கும் நன்றி.

அந்த மோரின் ஹைட்ஸில் பதிவாகி 1981-இல் வந்த மூவிங் பிக்சர்ஸ் ஆல்பத்தில் பாடகர் வாயே திறக்காத ஒரு பாட்டு உண்டு: ஒய்ஒய்ஸெட் (YYZ). டொரோண்டோ விமான நிலையத்தின் குறியீடு அது. அந்த மூன்று எழுத்தையும் மோர்ஸ் தந்தியில் விமானிகளுக்கு அனுப்பும் ஓசையைத்தான் பாட்டின் தொடக்கத் தாளமாக வைத்தார்கள். நம் ஆட்கள் இதை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தியின் கோட்டுக்கு நெடில் போல இரண்டு மாத்திரை, புள்ளிக்குக் குறில் போல ஒரு மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒய்: கோடு, புள்ளி, கோடு, கோடு. 7 மாத்திரை. இரண்டாவது ஒய் இன்னொரு 7. ஸெட்: கோடு, கோடு, புள்ளி, புள்ளி. 6 மாத்திரை. மொத்தம் 20. நாலு நாலாகப் பிரித்தால் சரியாக ஐந்து தட்டு. தாளம் போட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். இதை யோசித்தவர்களுக்கு மட்டுமல்ல, ராக் பாட்டு என்றால் நாலு தட்டுதான் என்று சொல்லித் தடுக்காமல் பதிவு செய்து கொடுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் என் நன்றி.

இப்போது பிரேசில் ரசிகர்களுக்கு. 2002 நவம்பரில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் சுமார் 40,000 பேர் கூடினீர்கள். சாவ் பாவ்லோவிலிருந்து சாமான் ஏற்றி வந்த லாரிகள் மழையில் தாமதமாகி, ஒலி சரிபார்க்கக்கூட நேரமில்லாமல் மேடைத் தொழிலாளர்கள் ஓடி ஓடிக் கட்டி முடித்த கச்சேரி அது. அந்தப் பதிவில் ஒய்ஒய்ஸெட்டைக் கேளுங்கள். வரியே இல்லாத பாட்டுக்கு, கிட்டார் மெட்டை அத்தனை பேரும் வாயால் பாடிக்கொண்டு குதிக்கிறார்கள். வானொலி கைவிட்ட நீளப் பாட்டுகளை ஒருவர் வாய் வழியே இன்னொருவர் காதுக்குக் கொண்டு போன கூட்டம் நாம். விமர்சகர்கள் கிண்டல் செய்தார்கள், ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தகுதி வந்த பிறகும் 2013 வரை காக்க வைத்தது. நாம் அசையவில்லை.

ஆனால் அந்த ரியோ கச்சேரி நடந்ததே பெரிது. 1997 ஆகஸ்டில் அப்போது நீலுக்கு இருந்த ஒரே மகள் செலீனா கார் விபத்தில் இறந்தார். பத்து மாதத்தில் மனைவி ஜாக்கியும் புற்றுநோயில் போனார். என்னை ஓய்வு பெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பி சுமார் 88,000 கிலோமீட்டர் அலைந்தார். கெடி, அலெக்ஸ், இங்கே உங்களுக்கே நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு டிரம்மரைத் தேடவில்லை. எப்போது வருகிறாய் என்று நச்சரிக்கவில்லை. ஐந்து வருஷம் மேடை இல்லாமல் இருந்தீர்கள். அவராகக் கூப்பிட்டு, முயற்சி செய்து பார்க்கலாம் என்றபோது அவசரப்படாமல் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து வேலை செய்தீர்கள். உங்கள் எல்லாப் பாட்டையும்விட நான் உங்களை மதிப்பது இதற்காகத்தான்.

நீலுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுத்த ஃப்ரெடி க்ரூபரையும் சொல்லியாக வேண்டும். உலகமே தலைசிறந்த டிரம்மர் என்று கொண்டாடிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுவில், குச்சி பிடிக்கும் விதத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று நீல் அவரிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். குச்சி தோலில் படும் நொடியைவிட, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கை எப்படி அசைகிறது என்பதைப் பார் என்பதுதான் அந்த ஆசானின் பாடம். நாற்பது வயதுக்கு மேல் நீல் மாதக்கணக்கில் அதைத் தினமும் பழகினார். பழைய கச்சேரிகளையும் பின்னால் வந்தவற்றையும் அடுத்தடுத்து பார்த்தால் உட்காரும் விதமே மாறியிருப்பது தெரியும்.

2015 ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபோரம் அரங்கில் கடைசிக் கச்சேரி. கச்சேரி முடிந்தால் டிரம்ஸை விட்டு முன்னால் வராத நீல், அன்றைக்கு நடந்து வந்து மற்ற இருவரோடு நின்றார். அடுத்த வருஷம் அவருக்கு மூளைப் புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்றரை வருஷம். அவருக்கு நெருங்கியவர்களே, உங்கள் அத்தனை பேருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எந்தச் செய்தியையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடி வைக்க முடியாத காலத்தில், தனிமையை விரும்பிய ஒரு மனிதரைக் கடைசி வரை அவர் விரும்பியபடியே இருக்க விட்டீர்கள். 2020 ஜனவரி 7 அன்று அவர் காலமானார், எங்களுக்குத் தெரிந்தது மூன்று நாள் கழித்து. எங்களிடம் மறைத்ததற்காக எங்களில் யாருக்கும் உங்கள் மேல் வருத்தம் இருக்கக் கூடாது. எனக்கு இல்லை, நன்றிதான் இருக்கிறது.

இப்போது மறுபடி மேடை. கெடியின் பேஸ் கிட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பக் கலைஞர், கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் 2022 பயணத்தில் வேலை செய்தபோது அங்கே டிரம்ஸ் வாசித்த ஜெர்மனிக்காரப் பெண் ஒருவரைக் கவனித்து வந்து சொன்னாராம். அப்படித்தான் அனிகா நில்லெஸ் இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறார். மேடைக்குப் பின்னால் நிற்பவரின் காது இன்னொரு தடவை உதவியிருக்கிறது. நீல் பின்னால் மணந்துகொண்ட கேரியும் அவர்களின் மகள் ஒலிவியாவும் இந்த முடிவை மனதார ஆதரித்து அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் வேண்டாம் என்றிருந்தால் எங்களில் பாதிப் பேர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டோம். அந்த அறிக்கைக்காக இருவருக்கும் கைகூப்பி நன்றி.

அனிகா அவர்களே, உங்களையும் நீலையும் ஒப்பிட்டுப் பேச ஆட்கள் வருவார்கள். அதற்குக் காது கொடுக்க வேண்டாம். பழைய பாட்டுகளைக் கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை என்று, கூடவே தொடையில் தாளம் போட்டுப் போட்டுத் தோற்ற எங்களுக்குத் தெரியும். இந்தப் பாட்டுகளை மறுபடி நேரில் கேட்க முடியும் என்ற நினைப்பையே பலர் விட்டுவிட்டிருந்தோம். நீங்கள் சரி என்றதற்கு நன்றி. உங்களுக்குப் பிடித்த மாதிரி வாசியுங்கள்.

அன்புடன்,
ஒரு ரஷ் ரசிகன்