உக்காந்தே அசந்து போறவங்களுக்கும் நாலு வரி எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஹெல்த் பக்கத்துல ஜிம்முக்கு போற பசங்க போட்டோவாவே வருது, நல்லாத்தான் இருக்கு, ஆனா காலைல ஒம்பதரைக்கு சேர்ல உக்காந்தா சாயங்காலம் ஆறுக்கு எந்திரிக்கிற என்னைய மாதிரி ஆளுக்கு அதுல ஒண்ணும் இல்லையே. நான் மதுரையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல டேலி என்ட்ரி போடுறேன், வயசு 47. மூட்டை தூக்குறதில்ல, வெயில்ல நிக்கிறதில்ல, ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் தோள்ல இருக்குற பேகைக் கூட கழட்டாம சோபால சாஞ்சிருவேன், அஞ்சு நிமிஷம்னு சாஞ்சா குக்கர் வைக்க எட்டு மணி ஆயிரும், அப்புறம் ராத்திரி படுத்தா தூக்கமும் வராது.

மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணேன். இத பொம்பளைங்க எல்லாருக்கும் சொல்றேன், தமிழ்நாட்டுல பாதிக்கு மேல பொம்பளைங்களுக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நல சர்வேயே சொல்லுது, ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா அதுக்கு வைத்தியம் பாக்கணும், நடந்து மட்டும் சரியாகாது. தைராய்டும் பாத்துருங்க. எனக்கு ரெண்டும் நார்மல். "உங்களுக்கு உக்காந்த அசதிம்மா"ன்னு டாக்டர் சிரிச்சாரு.

அப்பதான் எம்பொண்ணு போன்ல ஒண்ணு காட்டுனா. 2008ல அமெரிக்காவுல ஜார்ஜியா யுனிவர்சிட்டில, எப்பவும் அசதியா இருக்குன்னு சொன்ன 36 பேர வச்சு ஆறு வாரம் பாத்திருக்காங்க. வாரம் மூணு நாள், 20 நிமிஷம் சைக்கிள் மிஷின மெதுவா மிதிச்சவங்களுக்கு அசதி 65 சதவீதம் கொறஞ்சிருக்கு, கொஞ்சம் வேகமா மிதிச்சவங்களுக்கு 49 தான். 36 பேருங்கிறது கம்மிதான், இருந்தாலும் மெதுவா செஞ்சா போதும்ங்கிறது எனக்கு புடிச்சிருந்துச்சு.

நானும் மெதுவா நடக்க ஆரம்பிச்சேன். மொத நாள் ரேஷன் கடை வரைக்கும் நடந்து போயிட்டு வந்ததுக்கே கெண்டைக்கால் புடிச்சுக்கிச்சு. இப்ப பேகை வீட்டுக்குள்ள வைக்கிறதே இல்ல, வாசல்லயே பொண்ணு கைல குடுத்துட்டு செருப்பக் கழட்டாம அப்படியே திரும்பிருவேன், ஏன்னா உள்ள போயிட்டா சோபா இழுத்துரும்! பத்து நிமிஷம் போக, பத்து நிமிஷம் வர. மூணு வாரத்துக்கு அப்புறம்தான் வித்தியாசம் தெரிஞ்சுச்சு, நாலு மணிக்கு கீபோர்டு மேல தல தொங்குறது நின்னுச்சு, மூணாவது டீ வேண்டியிருக்கல.

2023ல அரசாங்கம் ஆரம்பிச்ச நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்துல ஒவ்வொரு மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை இருக்கு, சந்தோஷம், ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு எட்டுன்னு கேட்டாலே மூச்சு வாங்குது சார். அதனால பத்து நிமிஷத்துக்காரங்களுக்கும் உங்க ஹெல்த் பக்கத்துல கொஞ்சம் எடம் ஒதுக்குங்க.

நேத்து நல்ல மழை, வெளிய போக முடியல. மாடிப்படியிலயே ஆறு தடவ ஏறி எறங்குனேன். கீழ்வீட்டக்கா கதவத் தொறந்து "என்னாச்சு, சாவியத் தொலச்சிட்டியா?"ன்னு கேக்குறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை