முருங்கையைச் சுவரோரம் நடாதீர்கள்: பீனிக்ஸில் வீடு வாங்கவிருக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே, புதிதாகக் குடிவந்திருக்கும் தம்பி தங்கைகளே,

வணக்கம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர், கில்பர்ட், குவீன் கிரீக் பக்கம் வீடு தேடுகிறவர்கள் அடிக்கடி என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எந்தப் பள்ளி எல்லைக்குள் வருகிறது, வாசல் கிழக்கா வடக்கா, வட்டி இறங்குமா என்றெல்லாம் கேட்கிறார்கள். அடியில் என்ன மண் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு நானும் கேட்கவில்லை. அதற்காக நான் கொடுத்த விலையையும், கொடுக்காமல் தப்பிய அதைவிடப் பெரிய விலையையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இரண்டு கோடைக்கு முன்பு எங்கள் சமையலறையின் பின்கதவு நிலையில் உரசத் தொடங்கியது. மழைக்காலத்தில் மரம் ஊதுவது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் ஜன்னலின் மேல்மூலையிலிருந்து கூரைவரை சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு ரூபாய் நாணயத்தை அதில் நுழைத்துப் பார்த்தேன். தடையில்லாமல் உள்ளே போனது. வெளியே சுவரின் அடிப்பாகம் உப்புப் பூத்து, விரல் பட்டாலே பொரிந்து உதிர்ந்தது.

இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு பழுதுபார்ப்பு நிறுவனத்திலிருந்து வந்தார்கள். முக்கால் மணி நேரம் அளந்துவிட்டு, கார் நிறுத்தும் பக்கம் அஸ்திவாரம் இறங்கிவிட்டது, 14 எஃகுத் தூண்களை ஆழத்துக்கு இறக்கி வீட்டைத் தூக்க வேண்டும் என்றார்கள். 31,400 டாலர். அன்றே கையெழுத்திட்டால் பத்து சதவீதம் தள்ளுபடி. நான் பேனாவை எடுத்துவிட்டேன். வந்தவர் தூண் விற்கிறவர், நோய் என்ன என்று அவரிடமே கேட்கலாமா என்று என் மனைவிதான் தடுத்தார்.

எதையும் விற்காத, அறிக்கை மட்டும் தருகிற கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்தோம். கட்டணம் 900 டாலர். நீர்மட்டக் கருவியோடு அறை அறையாக மூன்று மணி நேரம் நடந்து தரையின் உயரத்தை நாற்பது இடங்களுக்கு மேல் அளந்தார். அந்த எண்களைத் தாளில் இட்டுக் கோடுகளால் இணைத்தபோது ஒரு மேட்டின் வரைபடம் போல வந்தது. கார் நிறுத்தும் பக்கம் இறங்கவே இல்லை. சமையலறை மூலைதான் ஒன்றே முக்கால் அங்குலம் மேலே எழும்பியிருந்தது. பிறகு அவர் கொல்லைப்பக்கம் போனார். அந்த மூலைச் சுவரிலிருந்து மூன்றடிக்குள் என் முருங்கை, இரண்டு வாழை, ஒரு கறிவேப்பிலை. கோடையில் நாளுக்கு இருமுறை சொட்டுநீர். ஏசியின் தண்ணீர்க் குழாய் சொட்டுவதும் அங்கேதான், கூரையின் இரு சரிவுகள் சேர்ந்து மழையைக் கொட்டுவதும் அங்கேதான். இத்தனை தண்ணீரையும் குடித்து அடிமண் ஊதித்தான் அந்த மூலை எழும்பியிருந்தது. அந்த 14 தூண்களை இறக்கியிருந்தால், இறங்காத பக்கத்தைத் தூக்கப் பணம் கொட்டியிருப்பேன். எழும்பிய பக்கம் எழும்பிக்கொண்டே இருந்திருக்கும்.

நான் கோவில்பட்டிக்காரன். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. கரிசல் நிலம் சித்திரையில் கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிப்பதையும், ஐப்பசி மழையில் ஊதி மூடிக்கொள்வதையும் பார்த்து வளர்ந்தவன். எங்கள் தாத்தா வீடு கட்டும்போது கரிசலை முழுக்கத் தோண்டி எடுத்து, சுக்கான் பாறை தட்டிய பிறகுதான் கல் வைத்தார். கரிசலை ஊதவைக்கும் மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் அரிசோனாவிலும் பல இடங்களில் இருக்கிறது. இங்கே கடப்பாரையை மடக்கும் கலீச்சி என்ற சுண்ணாம்பு அடுக்கு நம் சுக்கானின் உடன்பிறப்பு. சாண்ட்லரும் ஒரு காலத்தில் பருத்திச் சீமைதான். முதல் உலகப்போர்க் காலத்தில் டயருக்காக இங்கே பருத்தி விளைவித்தார்கள். ஆனால் இங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்கு ஆழமான கடைக்கால் கிடையாது. சமன்செய்த மண்ணின் மேல் கான்கிரீட் தளத்தைப் போட்டு, அதன் மேலேயே வீட்டை எழுப்பிவிடுகிறார்கள்.

ஆண்டுக்கு ஏழெட்டு அங்குலம் மழை பெய்கிற ஊரில் ஈரம் எங்கிருந்து வரும் என்று எண்ணாதீர்கள். சுற்றிலும் மண் காய்ந்து கிடப்பதுதான் ஆபத்தே. எல்லா இடமும் ஒன்றாக நனைந்தால் வீடும் ஒன்றாக அசையும். நாம் ஊற்றும் மூலை மட்டும் ஊதும்போதுதான் தளம் முறுக்கிக்கொள்கிறது.

மலையடிவாரத்து வீடுகளுக்கு நோய் வேறு. காட்டாற்று வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மண், இறுகுவதற்குள் காய்ந்துபோய், உப்பும் சிறிது களிமண்ணும் ஒட்டவைத்த இடைவெளிகளோடு நிற்கிறது. தண்ணீர் பட்டால் அந்த ஒட்டு கரைந்து பொலபொலவென்று அமுங்கிவிடும். என் நண்பர் ஒருவரின் வீட்டில் தோட்டக் குழாய் மண்ணுக்கடியில் கசிந்து இப்படி ஆயிற்று. அவருக்கு ஒன்பது தூண்கள் உண்மையிலேயே தேவைப்பட்டன. 24,000 டாலர் ஆனது.

இந்தப் பணத்தை யார் தருவார்கள் என்று நானும் கதவு கதவாகத் தட்டிப் பார்த்தேன். வழக்கமான வீட்டுக் காப்பீடு நில அசைவையும், தளம் அமுங்குவதையும் ஊதுவதையும் விலக்கிவைக்கிறது. கட்டுமான ஒப்பந்ததாரர்களுக்கு உரிமம் தரும் மாநிலப் பதிவகத்தில் புகார் செய்ய 2 ஆண்டுதான் அவகாசம். கட்டியவர் மீது ஒப்பந்த அடிப்படையில் வழக்குப் போட, வீடு முடிந்து பொதுவாக 8 ஆண்டு வரைதான் சட்டம் இடம் தருகிறது. வருமான வரியிலும் கழிக்க முடியாது. என் வீடு அப்போது ஒன்பது ஆண்டு கடந்திருந்தது. முழுத்தொகையும் என் தலையில்.

என் கணக்கைத் திறந்து காட்டுகிறேன். பொறியாளருக்கு 900, மண் சோதனைக்கு 2,300, சுவரோர மண்ணை வெளிப்புறமாகச் சரித்து, கூரை விளிம்பில் மழைநீரை வாங்கும் தகட்டுக் கால்வாய் அமைக்க 3,600, கதவு, சுவர்ப் பூச்சு, தரை ஓடு எல்லாம் சேர்த்து 3,900. மொத்தம் 10,700 டாலர். இதில் கடைசிச் செலவை உடனே செய்யவும் பொறியாளர் விடவில்லை. தண்ணீரை நிறுத்தி ஓராண்டு மண்ணை ஆறவிடுங்கள், அதற்குள் பூசினால் மறுபடியும் வெடிக்கும் என்றார். பெரிய செலவுதான். ஆனால் வீடு வாங்கிய வாரமே சொட்டுநீர்க் குழாயைப் பத்தடி தள்ளிப் போட்டிருந்தால் இருநூறு டாலரோடு போயிருக்கும்.

ஆகவே உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். பழைய வீடானால், வழக்கமான ஒப்பந்தப் படிவம் சோதனைக்குத் தரும் 10 நாளை வீணாக்காதீர்கள். விற்பவரின் அறிவிப்புப் படிவத்தில் மண், விரிசல், கசிவு பற்றிய பகுதியை வரி வரியாகப் படியுங்கள். ஐயம் இருந்தால் அந்தப் பத்து நாளுக்குள்ளேயே பொறியாளரை அழையுங்கள். புது வீடானால் கட்டுகிறவரிடம் மண் ஆய்வறிக்கையைக் கேளுங்கள். குவீன் கிரீக் பக்கம் போகிறவர்கள் நிலப்பிளவு வரைபடத்தையும் பாருங்கள். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி நிலம் பிளந்த இடங்களை அரிசோனா புவியியல் ஆய்வகம் குறித்து இலவசமாக வெளியிட்டிருக்கிறது. கார் நிறுத்துமிடத்தின் தரையில் ‘போஸ்ட் டென்ஷன்’ என்று முத்திரை இருந்தால், தளத்துக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் இருக்கின்றன என்று பொருள். தளத்தில் துளைபோட யாரையும் விடாதீர்கள்.

குடிவந்த பிறகு, சுவரிலிருந்து பத்தடிக்குள் தரை ஆறங்குலமாவது வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைத்தான் கட்டட விதியும் கேட்கிறது.

விழா நடத்தும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்குக் கூடும்போதெல்லாம் முருங்கைக் கொம்பும் கறிவேப்பிலைக் கன்றும் கைமாறுகின்றன. அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை, என் முருங்கையும் அப்படி வந்ததுதான். கொடுக்கும்போது, சுவரை விட்டுப் பதினைந்தடி தள்ளி நடுங்கள் என்ற ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த விழாவில் ஒரு மூலையில் ஒரு மேசை கொடுத்தால், பொறியாளர் போட்ட வரைபடத்தைக் கொண்டுவந்து வைத்து, கேட்பவர்களுக்குச் சொல்ல நான் காத்திருக்கிறேன்.

ஜன்னலுக்கு மேலே இருந்த விரிசலைப் பூசியாயிற்று. ஒரு சாண் நீளத்தை மட்டும் பூசாமல் விட்டிருக்கிறேன். அதன் நுனியில் மாதாமாதம் பென்சிலால் ஒரு கோடும் தேதியும் போட்டுவருகிறேன். கடைசி ஏழு கோடுகளும் ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன.

அன்புடன்,
சாண்ட்லரில் வாழும் ஒரு கோவில்பட்டிக்காரன்