தன் படம் பொறித்த தாளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணத்தாள் வரலாறு குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கனின் நிதியமைச்சர் சால்மன் சேஸை ஒரே வரியில் கடந்து சென்றது குறையாகவே பட்டது.

ஒஹையோ மாநிலத்தில் தப்பியோடிய அடிமைகளுக்காக வழக்காடிப் பெயர் பெற்று, பின்னர் செனட்டராகவும் ஆளுநராகவும் விளங்கிய சேஸ், 1861-இல் கருவூலப் பொறுப்பை ஏற்ற சில வாரங்களிலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. போர்ச் செலவுக்குத் தங்கமும் வெள்ளியும் போதாத நிலையில், 1862 பிப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டம் 15 கோடி டாலருக்கு 'கிரீன்பேக்' எனப்பட்ட, கடனுக்கு ஈடாக ஏற்றே தீரவேண்டிய காகிதப் பணத்தாள்களை வெளியிட வழிசெய்தது. முதலில் தயங்கிய சேஸ் பிறகு இசைந்தார். ஒரு டாலர் தாளில் அவர் படமே அச்சானது. (குடியரசுத் தலைவர் பதவிக்கு ஏங்கிய ஒருவருக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது?)

1864-இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகிய அவர், அவ்வாண்டு இறுதியில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். 1862-இன் அச்சட்டத்துக்கு முன்பே செய்துகொண்ட ஒப்பந்தக் கடன்களுக்கு அத்தாள்களை ஏற்கக் கட்டாயப்படுத்துவது அரசமைப்புக்கு முரணானது என்று 1870-இல் ஹெப்பர்ன் வழக்கில் தீர்ப்பெழுதியவர் அவரே. அடுத்த ஆண்டே, புதிய நீதிபதிகள் இருவர் சேர்ந்த அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது; சேஸோ தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. இதைத் தடுமாற்றம் என்பாரும் உண்டு. போர் நெருக்கடியில் தாம் இசைந்த ஒன்றைத் தவறென ஏற்கும் நேர்மையாகவே நான் கருதுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தஞ்சாவூர்