ஆய்வை விட்டுவிடுகிறார்களா, விட வைக்கிறார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ஆராய்ச்சிப் படிப்புக் கட்டுரையில் ஒரு வரி: ‘பெண்கள் ஆர்வமாகத்தான் பிஎச்.டி. சேர்கிறார்கள், கல்யாணமானதும் விட்டுவிடுகிறார்கள்.’ எவ்வளவு சுலபமாகச் சொல்லி முடித்துவிட்டார் கட்டுரையாளர்!

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி பிஎச்.டி. முடிக்க 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. ஆக 10 ஆண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள். தாராளம்தான். ஆனால் உதவித்தொகை? ஜேஆர்எஃப் என்ற இளநிலை உதவித்தொகை 2 ஆண்டு, எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலை உதவித்தொகை 3 ஆண்டு. மாதம் 37,000, பிறகு 42,000, அதோடு சரி. பதிவுக்குக் காலம் நீட்டியவர்கள் பணத்துக்கு நீட்டவில்லை. ஏழாவது ஆண்டில் கைக்குழந்தையோடு, வருமானம் இல்லாமல் ஆய்வேடு எழுதச் சொன்னால் எத்தனை வீட்டில் ஒத்துக்கொள்வார்கள் என்று தங்களுக்குத் தெரியாதா?

ஆய்வுக்கூடத்துக்குள் நடப்பது இன்னும் மோசம். உயிரணுக்களைத் தட்டில் வளர்க்கும் செல் கல்ச்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக வளரும் செல்களை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பிரித்து வைக்காவிட்டால் தட்டிலேயே செத்துப்போகும். விடுப்பில் போகிறவர் அவற்றை நன்றாக வளரும் பருவத்திலேயே எடுத்து, உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ திரவத்தை 10 சதவீதம் சேர்த்து, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் மைனஸ் 80-க்கு இறக்கி, பிறகு திரவ நைட்ரஜனுக்கு மாற்ற வேண்டும். குழாயின் மேல் செல்லின் பெயர், எத்தனையாவது பாசேஜ் (எத்தனை முறை பிரித்து வளர்த்தது), தேதி மூன்றும் இருக்க வேண்டும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்துவிட்டுப் போனாலும், ஆவியாகும் நைட்ரஜனை ஆறு மாதம் நிரப்புவது யார்? பெரும்பாலான ஆய்வுத் திட்டங்களின் நிதியில் சம்பளத் தலைப்பில் இருப்பது ஒரே ஆளுக்கான பணம். விடுப்புச் சம்பளமும் அதிலிருந்துதான். பதிலாள் போட வழியில்லை, திட்டம் முடியும் தேதியும் தானாக நகராது. அதனால்தான் நேர்காணலில் “கல்யாணம் எப்பம்மா?” என்று கேட்கிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத கேள்வி. திட்ட மதிப்பீடு போடும்போதே ஆறு மாதத்துக்கு ஒரு டெக்னீஷியன் சம்பளத்தை எழுதிக்கொள்ள அனுமதித்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது. திட்ட விண்ணப்பங்களைப் பரிசீலித்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்.

கதிர்வீச்சுள்ள கூடங்களில் கதை வேறு. கர்ப்பம் என்று அறிவித்த பிறகு கருவுக்குச் சேரும் அளவு 1 மில்லிசீவர்ட்டை (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பதுதான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. உடலில் படும் கதிர்வீச்சை அளக்க அணியும் டிஎல்டி பேட்ஜைக் கவனித்து, கதிர்மூலத்தை நெருங்காத வேலை கொடுத்தால் போதும். தரவுகளை அலசலாம், கட்டுரை எழுதலாம். கொடுப்பதில்லை. ‘ஓய்வெடும்மா’ என்று அன்பாக அனுப்பிவிட்டு, அச்சேறும் கட்டுரையிலிருந்து பெயரையும் எடுத்துவிடுவார்கள்.

ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்ல, தொழிற்சாலையிலும் இதே கதைதான். தொழிற்சாலைகள் சட்டம் 66-ஆம் பிரிவு நினைவிருக்கிறதா? பெண்களை இரவு ஷிப்டில் போடக் கூடாது என்றது. 2000-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. இரவு ஷிப்டே பார்க்காதவருக்கு உற்பத்திப் பிரிவில் பதவி உயர்வு எங்கிருந்து வரும்? அப்போதும் ‘பெண்களுக்கு ஷாப் ஃப்ளோரில் (உற்பத்திக் கூடத்தில்) விருப்பமில்லை’ என்றுதான் எழுதினார்கள்.

தங்கள் நாளிதழ் மட்டும் என்ன? 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலம் ஏவப்பட்டது. திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி. செங்கோட்டைக்காரர் என்று பெருமையோடு எழுதினீர்கள், சந்தோஷம். வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறார் என்றும் எழுதினீர்கள். 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி ஒரு புள்ளியைச் சுற்ற வைத்தது எப்படி, 7 கருவிகள் எதற்கு என்பதற்கு இடமில்லாமல் போயிற்று. ஆண் திட்ட இயக்குநர்களிடம் சமையல் யார் என்று இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை.

நான் கேட்பது சின்ன உதவி. வேலைவாய்ப்புப் பக்கத்தில், பிஎச்.டி. முடித்த இளம் ஆய்வாளர்களுக்கான இன்ஸ்பயர் ஃபேக்கல்டி உதவித்தொகை அறிவிப்பை வயது வரம்பு 32 என்று மட்டும் போட்டிருந்தீர்கள். பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. 34 வயதுக்காரர் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார். இனி அந்தத் தளர்வையும், எந்தத் தேதியில் வயதைக் கணக்கிடுவார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இடைவெளி விட்டுத் திரும்பும் பெண்களுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தும் வைஸ்-கிரண் திட்டத்தின் அறிவிப்பு வரும்போது ஒரு பெட்டிச் செய்தியும் வெளியிட்டால் நன்று. நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.