எல்லா லைனுக்கும் ஒரே கப்ளிங் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை கணபதியில் 22 வருடமாக லேத் பட்டறை நடத்துகிறேன். பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று நம் ஊர்த் தொழிலைப் பற்றி உங்கள் நாளிதழில் நிறைய வருகிறது, ஆனால் ஹோஸை ஒரு நொடியில் மாட்டிக் கழற்ற வைக்கிற குவிக் கப்ளிங் பற்றி நான் படித்ததே இல்லை. இதில் இரண்டு பாகம், சொருகுகிற பக்கம் பிளக், அதை வாங்கிக்கொள்கிற பக்கம் சாக்கெட். சாக்கெட் மேல் நகருகிற ஸ்லீவ் என்ற வளையத்தைப் பின்னால் இழுத்து, பிளக்கைச் சொருகி, ஸ்லீவை விட்டால் உள்ளே இருக்கும் எஃகுக் குண்டுகள் பிளக்கின் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான், ஸ்பேனரே வேண்டாம். திருப்பூர் டையிங் என்கிற சாயப்பட்டறைகளில், பல்லடம் தறிகளில், திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் வண்டிகளில் எல்லாம் இந்தச் சாமான் இருக்கிறது.

நாங்கள் இதை எப்படிச் செய்கிறோம் என்றால், ஒருவர் பழைய பீஸ் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார், வெர்னியர் அளவுகோலில் அளந்து அப்படியே 50 செட் ஓட்டிக் கொடுப்போம். உள்ளே என்ன ஓடப்போகிறது, எவ்வளவு பிரஷர், எவ்வளவு சூடு என்று அவரும் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு டையிங் பட்டறைக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். "எல்லாம் ஒரே சைஸா இருக்கட்டுமுங்க, எதுல வேணாலும் மாட்டிக்கலாம்" என்றார் முதலாளி, எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அங்கே காஸ்டிக் சோடா என்கிற கடும் காரம் போகும் லைனிலும் அசிட்டிக் ஆசிட் லைனிலும் நான் கடைந்த அதே பிளக். நைட் ஷிஃப்ட்டில் ஒரு பையன் ஹோஸை மாற்றி மாட்டிவிட்டான். பெராக்சைடு பிளீச்சிங்குக்குக் காரம் வேண்டும், அங்கே போய் ஆசிட் இறங்கினால் துணி எப்படி வெளுக்கும், மொத்த லாட்டும் பழுப்பாகவே நின்றது. துணி போனால் போகிறது. தப்பைக் கண்டுபிடித்த பதற்றத்தில் அவன் காஸ்டிக் ஹோஸை வெடுக்கென்று கழற்றியிருக்கிறான். நான் கொடுத்த பிளக்கில் வால்வு கிடையாது, ஹோஸுக்குள் நின்ற காஸ்டிக் முழுவதும் முழங்கையில் கொட்டிவிட்டது. காஸ்டிக் பட்டால் முதலில் சோப்பு போட்ட மாதிரி வழுவழு என்றுதான் இருக்கும், எரிச்சல் அப்புறம்தான் தெரியும். அந்தக் கையின் தழும்பை நான் நேரில் போய்ப் பார்த்தேன்.

இத்தனைக்கும் கேஸ் வெல்டிங்காரர்கள் இந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஆக்சிஜனுக்கு வலது மரை, அசிட்டிலீனுக்கு இடது மரை, தூக்கக் கலக்கத்தில் முயன்றாலும் மாற்றி மாட்ட முடியாது. ஆஸ்பத்திரிச் சாமான்களுக்கும் ஐ.எஸ்.ஓ. 80369 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது, உணவு போகும் குழாய் ரத்தக்குழாய் லைனில் மாட்டவே கூடாது என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் தனி அளவு வைத்திருக்கிறார்கள். டையிங் லைனுக்கும் இதைச் செய்ய முடியாதா? காஸ்டிக் பிளக்கின் மூக்கை 2 மில்லிமீட்டர் கூடுதல் பருமனாகவும் அதன் சாக்கெட்டை அதற்கேற்பவும் கடைந்தால் போதும், லேத்தில் அது ஒரு வேலையே இல்லை.

அடுத்தது ஓரிங், அதாவது இணைப்பு ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையம். கடையில் கிடைக்கிற கறுப்பு வளையத்தை எடுத்துப் போட்டுவிடுகிறோம், பெரும்பாலும் அது நைட்ரைல், எண்ணெய்க்கு நல்லது. நீராவிக்கும் காஸ்டிக்குக்கும் இ.பி.டி.எம். ரப்பர் வேண்டும், அதையே ஹைட்ராலிக் லைனில் போட்டால் எண்ணெயில் ஊறிப் பருத்துவிடும். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். இன்னொன்று, பிளக்கின் முனையில் சாம்பர் அடிக்காமல், அதாவது விளிம்பைச் சரிவாகச் சீவாமல், பிசிறோடு விட்டால் ஒவ்வொரு முறை சொருகும்போதும் ஓரிங்கைச் சீவிக்கொண்டே இருக்கும், பத்து நாளில் ஒழுகும், பழி ஓரிங் மேல் விழும். வேலை முடிந்ததும் முனையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள் என்று என் பட்டறைப் பையன்களிடம் தினமும் சொல்கிறேன்.

வால்வு விஷயத்திலும் யோசிக்க வேண்டும். திரவத்துக்கு இரண்டு பக்கமும் மூடிக்கொள்கிற வால்வு இருந்தால் கழற்றும்போது கொட்டாது. ஏர் லைனுக்கு இரண்டு பக்கமும் மூடினால் ஹோஸுக்குள் காற்று அடைபட்டு நிற்கும், அதனால் அங்கே சாக்கெட் பக்கம் மட்டும் வால்வு வைப்பார்கள். அதிலும் முதலில் காற்று இறங்கி அப்புறம் பிளக் கழலுகிற மாதிரி இரண்டு கட்டமாக வைப்பது நல்லது, இல்லையென்றால் பிளக் ஹோஸோடு பாம்பு மாதிரித் துள்ளி அடிக்கும். ரிக் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், 50 மில்லிமீட்டர் ஹோஸில் 300 பி.எஸ்.ஐ. காற்று என்றால் அந்த இணைப்பைப் பிரித்துத் தள்ளுகிற விசை 400 கிலோவுக்கு மேல். அதைச் சாம்பிள் பார்த்துக் கடைவதா?

பம்பைச் சோதித்துப் பார்க்க சிட்டார்க் என்ற சோதனை மையம் இருக்கிற ஊர் இது. கப்ளிங்கையும் பிரஷர் ஏற்றிச் சோதித்துச் சான்று தரச் சிறுதொழில் சங்கங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆர்டர் கொடுக்கிறவர்களும் என்ன திரவம், என்ன பிரஷர், என்ன சூடு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், எங்களுக்கு அது போதும்.

அந்த டையிங் பட்டறைக்குக் காஸ்டிக், ஆசிட், பெராக்சைடு மூன்றுக்கும் மூன்று அளவில், இரட்டை வால்வோடு, எஸ்.எஸ். 316 என்ற துருப்பிடிக்காத எஃகில் புதிதாகச் செய்து கொடுத்துவிட்டேன், கூலி வாங்கவில்லை. அந்த டிராயிங் என்னிடம் இருக்கிறது. எந்தப் பட்டறைக்காரர் கேட்டாலும் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரர்,
கணபதி, கோவை.