அகாஸ்வேரு கற்பனை ராஜா இல்லை, பெரியம்மா

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

போன வாரம் போனில் பேசும்போது உங்கள் குரலே சரியில்லை. வேதாகமத்தில் வரும் எஸ்தர் ராணியின் கதையை நீங்கள் ரசித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பேரன் குறுக்கே புகுந்து, "பாரசீக ராஜாக்கள் பட்டியல்ல அகாஸ்வேருன்னு ஒருத்தருமே இல்லையே பாட்டி" என்றானாமே. வேதாகமத்தின் கோரேஸ்தான் சைரஸ், தரியுதான் டேரியஸ் என்றால் காதே ஒத்துக்கொள்ளும். அகாஸ்வேருவுக்கு என்ன சொல்வது என்று திகைத்துவிட்டீர்கள்.

பட்டியலில் அவர் இருக்கிறார் பெரியம்மா, செர்க்சஸ் என்ற பெயரில். கி.மு. 486 முதல் 465 வரை ஆண்டவர். 480-இல் சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர்களிடம் தோற்றவர்.

இதைச் சொன்னால் பையன் சிரிப்பான். செர்க்சஸ் எங்கே, அகாஸ்வேரு எங்கே! சிரிக்கட்டும். அந்த ராஜாவை அவருடைய அம்மா இரண்டில் எந்தப் பெயராலும் கூப்பிட்டிருக்க மாட்டாள். பழைய பாரசீகத்தில் அவர் பெயர் க்ஷயார்ஷா. நம்மிடம் கிரந்த 'க்ஷ' இருப்பதால் ஏறக்குறைய அப்படியே எழுதிவிட முடிகிறது. ஆளுவதைக் குறிக்கும் அந்த முதல் பகுதி, க்ஷத்திரியன் என்ற சொல்லுக்கு ஒன்றுவிட்ட உறவு.

இப்படி இரண்டு மெய்கள் சேர்ந்து சொல் தொடங்கினால் எபிரெய நாக்குக்கு ஒத்துவரவில்லை. முன்னால் ஓர் அகரம் போட்டுக்கொண்டார்கள்: அஹஷ்வேரோஷ். நம் ஊரில் ஸ்கூலை இஸ்கூல் என்றும் ஸ்டேஷனை இஸ்டேஷன் என்றும் சொல்கிறோமே, அதே வேலைதான். பாபிலோனியர்களும் இந்தப் பெயருக்கு முன்னால் அகரம் சேர்த்து எழுதியதுண்டு. எஸ்தர் புத்தகத்தில் தேசாதிபதிகளைக் குறிக்கும் எபிரெயச் சொல்லும் 'க்ஷ'வில் தொடங்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததுதான். அதற்கும் முன்னால் அகரம் ஒட்டியிருக்கிறது.

அந்த அகரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். எபிரெயத்தில் முக்கியமாக மெய்களைத்தான் எழுதுவார்கள். எஸ்தர் 10:1-இல் இந்தப் பெயர் குறுக்கி எழுதப்பட்டிருக்கிறது. முன்னெழுத்தை நீக்கினால் மிஞ்சுவது ஹ, ஷ, ர, ஷ. பாரசீகத்தில் க், ஷ, ய, ர, ஷ. நடுவிலிருக்கும் 'ய' மட்டும்தான் விடுபட்டிருக்கிறது. எகிப்தில் எலிபெண்டைன் தீவில் இருந்த யூதப் படைக்குடியிருப்பின் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு அரமேய ஆவணங்களில் அந்த 'ய'வும் இருக்கிறது, முன்னால் அகரமும் இல்லை. பெயரைக் கெடுத்தது கிரேக்கர்கள்தான். அவர்களிடம் 'ஷ' ஒலியே கிடையாது. வாய்க்கு வந்தபடி செர்க்சஸ் என்றார்கள். அது பள்ளிப் புத்தகம் வரை வந்துவிட்டது. நம் வேதாகமம் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை, தரியு, அகாஸ்வேரு இரண்டிலுமே கடைசி 'ஷ்' காணாமல் போயிருக்கிறது.

சரி, அவர் பெயர் க்ஷயார்ஷாதான் என்று எப்படித் தெரிந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1802-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் குரோட்டஃபெண்ட் என்ற 27 வயதுப் பள்ளிக்கூட வாத்தியார், பழைய பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸிலிருந்து பிரதியெடுத்து வந்திருந்த ஆப்பெழுத்துக் (ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன எழுத்து) கல்வெட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதுவரை அதை ஒருவராலும் படிக்க முடியவில்லை. 'இன்னார், ராஜாதி ராஜா, இன்னாருடைய மகன்' என்ற பாணியில்தான் இருக்கும் என்று ஊகித்தார். ஒரு கல்வெட்டில் மகனும் ராஜா, தகப்பனும் ராஜா. இன்னொன்றில் அதே தகப்பன் ராஜா, ஆனால் அவருடைய தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் ராஜா என்ற பட்டமே இல்லை. பாட்டன் ராஜாவாக இல்லாத பாரசீக ராஜா யார்? செர்க்சஸ். பாட்டன் ஹிஸ்டாஸ்பெஸ், தகப்பன் டேரியஸ். பேரனுடைய பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் ராஜா என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளும் ஒன்றாகவே இருந்தன. அதே 'க்ஷ'. அந்த ராஜா என்ற சொல்தான் தேய்ந்து தேய்ந்து பிற்காலத்தில் 'ஷா' ஆனது.

தல்மூது என்ற யூத சமய நூலில் வரும் ரப்பிகள் (யூத குருமார்கள்) இந்த ஆராய்ச்சி எதுவும் இல்லாமலே பெயருக்குப் பொருள் சொன்னார்கள். அவன் காலத்தில் யூதர்களின் முகம் பானையின் அடிக்கரி போலக் கறுத்தது என்றார் ஒருவர். அவனை நினைத்தவர்கள் எல்லாம் 'ஐயோ, என் தலையே' என்றார்களாம், இது இன்னொருவர். எபிரெயச் சொற்களை வைத்து ஆடிய சிலேடை. நம் காளமேகத்துக்குப் பிடித்திருக்கும்.

ஒன்று மட்டும், பெரியம்மா. பெயர் பொருந்திவிட்டது என்பதற்காகக் கதை முழுவதும் அப்படியே நடந்தது என்று பேரனிடம் அடித்துச் சொல்லாதீர்கள். எஸ்தர் புத்தகத்தில் 127 நாடுகள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் மாகாணங்கள் 20. அவர் சொல்லும் ராணி, கதையில் எஸ்தருக்கு முன்பு ராணியாக இருந்த வஸ்தியும் இல்லை, எஸ்தரும் இல்லை, அமெஸ்ட்ரிஸ். பழைய கிரேக்க மொழிபெயர்ப்போ ராஜாவையே மாற்றி அர்தசஷ்டா (அர்டாக்செர்க்சஸ்) என்று போட்டிருக்கிறது. ராஜா நிஜம், கதை நடக்கும் சூசான் நகரம் நிஜம், மற்றதைப் பற்றி அவன் கேள்வி கேட்டால் கேட்கட்டும்.

அப்புறம், தானியேல் 9:1-இல் இன்னொரு அகாஸ்வேரு இருக்கிறார், மேதிய குலத்துத் தரியுவின் தகப்பன் என்று. அது வேறு வழக்கு. பையன் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு ஒரு போன் பண்ணிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகன்