கடலைப் பார்த்த பிறகு காசு வாங்குங்கள்

கொழும்பிலிருந்து கரைவழிச் சுழியோடலுக்கும் ஸ்நோர்க்கலுக்கும் (மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து கடலுக்குள் பார்ப்பதற்கும்) ஆட்களைக் கூட்டிச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

போன ஏப்ரலில் ஒரு போயா நாள். விடியற்காலை நாலு மணிக்கு வெள்ளவத்தையில் வான் ஏறினோம். நானும் என் அக்காவின் மகளும் சேர்த்துப் பதினொரு பேர். தெற்கே ஒரு கரையில் இறங்கியபோது கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. தென்னோலைகூட அசையவில்லை. "காற்றே இல்லை, இதைவிட நல்ல நாள் கிடைக்காது" என்றார் கூட்டிப்போனவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முருகைக்கற்களுக்கு நடுவிலுள்ள வாய்க்காலால் உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகவில்லை, கடல் எங்களை வெளியே இழுத்தது. பிறகு தூக்கிக் கல்லை நோக்கித் தள்ளியது. தண்ணீர் அரிசி கழுவிய நீராக மாறிவிட்டது. நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. மருமகளை எட்டு நிமிடம் காணவில்லை. முழங்காலும் உள்ளங்கையும் கிழிபட்டு, தானாகவே கரையேறி உட்கார்ந்திருந்தாள். அந்த எட்டு நிமிடம்தான் என்னை எழுத வைக்கிறது.

அன்று காற்று இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த அலை இங்கே பிறந்ததில்லை. தென் சமுத்திரத்தில் எங்கோ அடித்த புயல் கிளப்பிவிட்டது, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேர்ந்தது. கைபேசியில் எல்லோரும் அலையின் உயரத்தைப் பார்த்தோம்: 1 மீற்றர். பக்கத்தில் இருந்த 15 செக்கன் என்ற எண்ணை ஒருவரும் கவனிக்கவில்லை. ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள அந்த நேரத்தில்தான் விசயமே இருக்கிறது. பக்கத்துக் காற்றில் எழும் 6 செக்கன் அலைக்கு ஆழ்கடலில் நீளம் ஏறக்குறைய 56 மீற்றர். 15 செக்கன் அலைக்கு 350 மீற்றர். அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம்வரை இறங்கும். ஆக, 15 செக்கன் அலை நாம் சுழியோடும் எந்த ஆழத்திலும் அடிமணலைப் பிடித்து உலுக்கும். மேலே பளபளப்பு, கீழே கலங்கல்.

கேரளக் கரையில் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது இப்படிப்பட்ட நாட்களில்தான். அவர்கள் சுழியோடவும் இல்லை, கரையோரத்தில்தான் நின்றார்கள்.

ஆகவே வாகனத்திலிருந்து இறங்கியதும் பொருட்களை இறக்காதீர்கள். இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கடல் ஓய்ந்து கிடக்கும். அந்த ஓய்வில் வந்து சேர்பவர் ஏமாந்துபோவார். நாங்கள் ஏமாந்தோம்.

காற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் வீசும் மாதங்களில், மேற்கிலும் தெற்கிலும் இறங்க முடியாது, கிழக்கே நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவுப் பக்கம்தான் போக வேண்டும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நம் பக்கம். இந்தப் பருவத்தில் விடியற்காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். அது கரையோர நீரைத் தட்டையாக்கிவிடுவதால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மேலே மிதப்பவரையும் அதே காற்றுத்தான் வெளியே தள்ளுகிறது. போகும்போது இலகு, திரும்பும்போது கால் சோர்ந்துவிடும். பத்து, பதினொரு மணிக்குக் கடற்காற்று எழுந்து திசை மாறும். தூரத்தில் அங்கங்கே வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீற்றர் வரை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னரே எல்லோரும் கரையில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்குச் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குகிற வழக்கத்தை விடுங்கள்.

கலங்கலுக்கு இன்னொரு காரணம் மலையில் இருக்கிறது. களனி கங்கையும் களு கங்கையும் சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து வருபவை. இரத்தினபுரியில் கொட்டிய மழை, கொழும்பில் வெயில் எரிக்கும் நாளில் களுத்துறைக் கடலை மண்ணிறமாக்கும். அலை கிளப்பிய மணல் சீக்கிரம் படிந்துவிடும். ஆறு கொண்டுவரும் நுண்களி படிய நாட்கணக்கில் ஆகும். தெஹிவளை, கல்கிசைப் பக்கம் இறங்குகிறவர்கள் பெருமழைக்கு மறுநாள் வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தைப் போய்ப் பார்த்தாலே போதும். அந்த நீரை வாயிலும் காதிலும் விட யாருக்கும் மனம் வராது.

தெளிவு என்றதும் மீன் பார்க்கவும் படம் எடுக்கவும் என்றே நினைக்கிறோம். எனக்கு இப்போது அது தலை எண்ணுவதற்கு. ஆறு பேரைக் கூட்டிப்போகிறவருக்கு மூன்று மீற்றர்தான் தெரிகிறது என்றால் அவர் ஆறு பேரையும் ஒருசேரப் பார்க்கவே முடியாது. மார்பளவு நீரில் நின்று குனிந்து பாருங்கள். பாதம் தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள்.

இவையெல்லாம் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அன்று எங்களைக் கூட்டிப்போனவருக்கும் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் ஏன் இறக்கினார்? பதினொரு பேரிடம் வாங்கிய முற்பணம் வானுக்கும் மூச்சுக்காற்று டேங்குக்கும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. "திருப்பித் தரப்படமாட்டாது" என்று வட்ஸ்அப்பில் எழுதியும் இருந்தது. இறங்காமல் திரும்பினால் பதினொரு பேரின் முகத்தையும் அவர்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கும் கொடுத்த காசு கண்ணை மறைத்தது. கடலைப் பார்க்கும் முன்பே முடிவு எடுத்தாகிவிட்டது.

மன்னாரில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையில்தான் பாருக்கு, அதாவது சிப்பி விளையும் கடற்படுகைக்கு, போனார்கள். மேலே படகில் கயிறு பிடிக்க மைத்துனனை வைப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கை தளராது. நம் வான்களில் அந்த மைத்துனனுக்கு இடமே இல்லை.

ஆகவே கேட்கிறேன். போவதா இல்லையா என்று சொல்ல, அன்றைய வசூலில் பங்கில்லாத ஒருவரைக் கரையில் வையுங்கள். அவ்வூர் மீனவர் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அவருக்கு அதே கூலி. அவர் வேண்டாம் என்றால் வானுக்கான பங்கை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை அடுத்த நாளுக்கு மாற்றிக் கொடுங்கள். வான்காரருக்குக் கொடுத்தே ஆக வேண்டும், அதை யாரும் மறுக்கமாட்டார்கள். முதல்நாள் மாலையிலேயே அலையின் உயரத்தோடு செக்கனையும் காற்றின் திசையையும் இரத்தினபுரி மழையையும் குழுவில் போடுங்கள், வருகிறவர்களும் பார்க்கப் பழகட்டும்.

மருமகளின் கை ஆறிவிட்டது. நவம்பரில் திரும்பப் போவோமா என்று கேட்கிறாள். உங்கள் அறிவித்தலில் "கடல் சரியில்லை என்றால் இறங்கமாட்டோம், காசு அடுத்த நாளுக்கு" என்ற ஒரு வரி இருந்தால் எங்கள் இருவரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒருவன்